அல்மதேன்: ஒரு பாதரசச் சுரங்கத்தின் வரவு செலவு

காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் கை தவறி விழுந்து உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. சிமெண்டுத் தரையில் வெள்ளி மணிகள் உருண்டு ஓடும். விரல் பட்டால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பெரியவர்கள் "தொடாதே, விஷம்" என்று சத்தம் போடுவதற்குள் பிள்ளைகள் அதை ஒரு தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்திருப்பார்கள்.

அந்த மணி எங்கிருந்து வந்தது? இந்தியாவில் பாதரசச் சுரங்கம் என்று ஒன்று கிடையாது. சித்த மருத்துவத்தில் ரசம், சாதிலிங்கம், பூரம், வீரம் என்று பாதரசச் சரக்குகளுக்கு அத்தனை பெயர்கள் இருக்கின்றன. கோவில்பட்டி பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் இந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் மூலச் சரக்கு கடல் கடந்துதான் வரவேண்டும். உலகத்தில் மனிதர்கள் இதுவரை தோண்டி எடுத்த பாதரசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே ஓர் ஊரிலிருந்து வந்திருக்கிறது. அந்த ஊரின் பெயர் அல்மதேன். ஸ்பெயின் நாட்டின் தெற்குப் பகுதியில், சியுதாத் ரியால் மாகாணத்தில், வெயில் காயும் மேட்டு நிலத்தில் இருக்கிற சிறிய ஊர். அரபு மொழியில் 'அல் மஃதின்' என்றால் சுரங்கம். ஊருக்கே அதுதான் பெயர்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிய அந்தச் சுரங்கம் இப்போது மூடிக் கிடக்கிறது. தாது தீர்ந்துபோய் மூடியது என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தாது உள்ளே இருக்கும்போதே மூடினார்கள். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ள முதலில் பாறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாதரசத்தின் முக்கியமான தாது சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல். எடையில் 100-க்கு 86 பங்கு பாதரசம், மீதி கந்தகம். (கந்தகத்தைப் பற்றித் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அல்மதேனில் இது கிடப்பது குவார்ட்சைட் என்ற கடினமான மணற்பாறைக்குள். சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், சிலூரியன் காலத்தின் தொடக்கத்தில், அந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. அடியில் சுத்தமான மணல் படிந்துகொண்டிருந்தது. அதே இடத்தில் கடலடி எரிமலைகளும் குமுறிக்கொண்டிருந்தன. எரிமலைச் சூட்டில் கொதித்த நீர் பாதரசத்தைக் கரைத்து மேலே கொண்டுவந்தது. கெட்டிப்படாத மணலின் இடுக்குகளில் சாதிலிங்கம் படிந்து நிறைந்தது. அதனால்தான் அங்கே தாது நூல் போன்ற கீற்றுகளாக மட்டும் இல்லாமல், பாறை அடுக்கோடு அடுக்காகவே ஊறிக் கிடக்கிறது. பின்னால் பூமி மடிந்து நெளிந்தபோது, படுக்கையாக இருந்த அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. சுரங்கம் பக்கவாட்டில் பரவாமல் கிணறு மாதிரி கீழே கீழே போனதற்கு இதுதான் காரணம். கடைசியில் 700 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறார்கள்.

இவ்வளவு பாதரசம் முதலில் எங்கிருந்து வந்து ஒரே இடத்தில் குவிந்தது என்பதில் புவியியல் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்போடு வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கீழே இருந்த கரும்பாறைகளிலிருந்து கரைந்து வந்தது என்பது இன்னொரு சாராரின் வாதம். எப்படியோ, மற்ற ஊர்ச் சுரங்கங்களில் 100 கிலோ பாறைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ பாதரசம் கிடைத்தாலே பெரிய விஷயம். அல்மதேனில் சராசரி மூன்று கிலோவுக்கு மேல். சில இடங்களில் 20 கிலோவையும் தாண்டியது. சில சுவர்களில் பாதரசம் துளித்துளியாக வியர்த்து வழியும்.

ரோமானியர்களுக்கு இந்தத் திரவ உலோகத்தைவிட அந்தச் சிவப்புக் கல்லின் மீதுதான் ஆசை. பொடித்தால் அருமையான சாயம். பணக்கார வீட்டுச் சுவர்களில் பூசினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்த விவரங்கள் ஒரு வணிகவியல் பாடப் புத்தகத்தில் வரவேண்டியவை. சிசாப்போ என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியிலிருந்து தாதுவை அங்கேயே சுத்தம் செய்ய அனுமதி இல்லை. முத்திரை வைத்து ரோமுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2000 பவுண்டு. விலை பவுண்டுக்கு 70 செஸ்டர்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். உற்பத்தி ஓரிடம், சுத்திகரிப்பு ஓரிடம், விலை அரசாங்கத்தின் கையில். இன்னொரு விவரத்தையும் பிளினி போகிற போக்கில் சொல்கிறார். இந்தச் சாயப் பட்டறையில் வேலை செய்பவர்கள் தூசி மூக்கில் ஏறாமல் இருக்க, மிருகங்களின் மூத்திரப் பையை முகத்தில் கட்டிக்கொள்வார்களாம். ஆக, இது விஷம் என்பது 1900 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

அரபு ஆட்சிக் காலத்தில் சுரங்கம் தொடர்ந்து நடந்தது. ஊர்ப் பெயரும், பாதரசத்துக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் 'அசோகே' என்ற சொல்லும் அந்தக் காலத்தின் மிச்சம். ஆனால் அல்மதேனின் தலையெழுத்தை மாற்றியது 16-ஆம் நூற்றாண்டுக் கடன் ஒன்று.

1519-இல் ஸ்பெயின் அரசர் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தல் என்றால் ஓட்டுப் போடும் ஏழு பேருக்குப் பணம் கொடுப்பது. மொத்தச் செலவு சுமார் எட்டரை லட்சம் ஃப்ளோரின். (தேர்தல் செலவு எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை போலிருக்கிறது.) அதில் ஐந்தே கால் லட்சத்துக்கு மேல் கடன் கொடுத்தவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஜேக்கப் ஃபுக்கர். கடனை அரசரால் காசாகத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 1525 முதல் ஸ்பெயினின் சில பெரிய நிலங்களின் வருமானத்தைக் குத்தகைக்கு விட்டார். அந்தக் குத்தகைக்குள் அல்மதேனும் அடக்கம். நடுவில் சில இடைவெளிகளோடு 1645 வரை ஃபுக்கர் குடும்பத்தின் கையில் சுரங்கம் இருந்தது.

குத்தகை எடுத்தபோது இது சுமாரான சொத்துதான். 1550-களில் மெக்சிகோவில் பச்சூக்கா என்ற இடத்தில் பர்த்தொலொமே தெ மெதினா ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெள்ளித் தாதுவைப் பொடித்து, உப்பும் தாமிரச் சத்துள்ள பொடியும் கலந்து, பாதரசம் ஊற்றிப் பெரிய முற்றத்தில் பரப்பி, கோவேறு கழுதைகளை விட்டு வாரக்கணக்கில் மிதிக்க வைப்பார்கள். களத்தில் மாடு விட்டுச் சூடு மிதிக்கிற மாதிரி. வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், வெள்ளி நிற்கும். விறகு அதிகம் தேவையில்லை, மட்டமான தாதுவிலும் லாபம். ஆனால் ஒரு பங்கு வெள்ளிக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு பாதரசம் தொலையும். பாதரசம் இல்லாமல் வெள்ளி இல்லை என்ற நிலை வந்துவிட்டது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் உவான்காவெலிக்காவில் 1560-களில் இன்னொரு பாதரசச் சுரங்கம் கிடைத்தது. அது பொதோசி வெள்ளிக்குப் போனது. மெக்சிகோ வெள்ளிக்கு அல்மதேன்.

இங்கே கணக்குப் பிள்ளைகளின் மூளையைப் பாராட்ட வேண்டும். எடுக்கிற வெள்ளியில் அரசருக்கு ஒரு பங்கு வரி. சுரங்க முதலாளிகள் உண்மைக் கணக்குக் காட்டுவார்களா? அதனால் அரசாங்கம் பாதரச விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. ஒரு குவிண்டால், அதாவது 46 கிலோ பாதரசம் வாங்கினால் 100 மார்க், அதாவது 23 கிலோ வெள்ளி கணக்கில் வந்தாக வேண்டும். வராவிட்டால் கேள்வி வரும். பாதரச விற்பனைப் பேரேடே வெள்ளி வரிக்குத் தணிக்கைப் பேரேடு. செலவாகும் ஒரு மூலப்பொருளை வைத்து உற்பத்தியைப் பிடிக்கிற இந்த உத்தியை இன்றைய விற்பனை வரி அதிகாரிகளும் பயன்படுத்துகிறார்கள்.

ஆட்டுத்தோல் பைகளில் கட்டி, மரப் பெட்டிகளில் அடைத்து, கழுதையிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி செவில் நகரத்துக்கும், அங்கிருந்து கப்பலில் மெக்சிகோவுக்கும் பாதரசம் போனது. பதிலுக்கு வெள்ளி வந்தது. அந்த வெள்ளி ஐரோப்பாவோடு நிற்கவில்லை. இந்தியாவில் துணி வாங்க வந்த டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளிடம் விற்க உருப்படியான சரக்கு அதிகம் இல்லை. பெட்டி பெட்டியாக ஸ்பானிய வெள்ளி நாணயங்களைக் கொண்டுவந்தார்கள். 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனிக்கு அங்கே துணி வாங்குவது முக்கிய வேலை. கரிசல் காட்டுப் பருத்தியை நூற்று நெய்தவர்களுக்கும் அல்மதேன் சுரங்கத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு. இரு பக்கத்தாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பாதரசத்தின் தேவை கூடியது. தோண்ட ஆள் வேண்டும். உள்ளே போனவன் நடுங்கிக்கொண்டு வெளியே வருவான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். கூலிக்கு ஆள் போதவில்லை. 1566-இல் அரசர் ஒரு வழி செய்தார். கப்பலில் துடுப்புப் போடத் தண்டனை பெற்ற கைதிகளில் 30 பேரைச் சுரங்கத்துக்கு அனுப்பினார். பிறகு எண்ணிக்கை கூடியது. அவர்களுக்குக் கூலி கிடையாது. சாப்பாடு உண்டு. ரொட்டி, இறைச்சி, திராட்சை மது. ஆண்டுக்கு ஒரு மேல்சட்டை, ஒரு கால்சட்டை, இரண்டு உள்சட்டை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு தலைமூடி. இதெல்லாம் குத்தகைக்காரரின் செலவுக் கணக்கில் சுத்தமாக ஏறியது. அவர்கள் உடம்பில் ஏறியதற்கு மட்டும் பத்தி இல்லை.

புகார்கள் அதிகமானதும் 1593-இல் மாட்ரிட்டிலிருந்து ஒருவரை ரகசியமாக விசாரிக்க அனுப்பினார்கள். அவர் பெயர் மதேயோ அலெமான். தொழில், அரசாங்கக் கணக்கர். வந்தவர் பேரேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. கைதிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து விசாரித்து, சொன்னதை எழுதிக்கொண்டார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரைத் தோல் பைகளில் இறைப்பது ஒரு வேலை. ஓய்வில்லாமல் இறைக்க வேண்டும், நிறுத்தினால் அடி. அதைவிட மோசம் உலை வேலை. தாதுவை மண் பானைகளில் அடைத்து வாய் மூடிச் சுடுவார்கள். ஆறும் வரை பொறுக்காமல் திறக்கச் சொல்வார்கள். அந்த ஆவி நேராக முகத்தில் அடிக்கும். வாய் புண்ணாகி, பல் ஆடி விழுந்து, கை கால் நடுங்கி, சிலர் புத்தி பேதலித்துச் செத்தார்கள். 1566 முதல் அந்த விசாரணை வரையான காலத்தில் வந்த கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் விடுதலை நாளைப் பார்க்கவில்லை.

பாதரசம் இப்படிச் செய்வதற்குக் காரணம் அதன் ஆவி. விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் குடல் வழியே வெளியேறிவிடும். மூச்சில் போன ஆவி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடுகிறது. வாசனை கிடையாது, கண்ணில் படாது, சாதாரண வெப்பத்திலேயே கிளம்பும். நடுக்கம் முதலில் விரலிலும் உதட்டிலும் தெரியும். எழுதினால் கையெழுத்து ஆடும். ஸ்பானிய மொழியில் வெடவெடவென்று நடுங்குகிறவனைச் சொல்ல 'பாதரசம் ஏறியவன்' என்ற பொருள்தரும் சொல் இன்றைக்கும் உண்டு.

அலெமானின் அறிக்கை அன்று வெளியே வரவில்லை. ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் கையில் அச்சானது. ஆனால் 1599-இல் அவர் ஒரு நாவல் வெளியிட்டார். 'குஸ்மான் தெ அல்ஃபராச்சே' என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் ஓடிய புத்தகம். கதை சொல்பவன் துடுப்புத் தண்டனை பெற்ற ஒரு கைதி. அல்மதேனில் உட்கார்ந்து கேட்ட குரல்கள் அவர் காதை விட்டுப் போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

ஃபுக்கர்கள் போனபின் அரசே நேரடியாக நடத்தியது. 1646-இல் பெருவிலிருந்து புதிய உலை முறை வந்தது. களிமண் குடுவைகளை ஒன்றோடொன்று கோத்து நீளமாக வைத்து, அதன் வழியே ஆவியை ஓட்டிக் குளிரவைப்பார்கள். உற்பத்தி பெருகியது. கைதிகள் தொடர்ந்து வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுக்கென்று தனிச் சிறை கட்டி, சிறையிலிருந்து சுரங்கத்துக்குப் பூமிக்கடியிலேயே பாதை போட்டார்கள். 1755-இல் உள்ளே தீப்பிடித்தது. முட்டுக் கொடுத்த மரமெல்லாம் எரிந்து, அணைய ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆயிற்று. அதன் பிறகுதான் மரத்தை விட்டுவிட்டுக் கல்லாலும் செங்கல்லாலும் வளைவு கட்டத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் ஊரில் ஒரு விநோதமான கட்டடம் எழுந்தது. ஆறு மூலை கொண்ட காளைச் சண்டை மைதானம், சுற்றிலும் குடியிருப்பு வீடுகள். சண்டைக்கு வரும் கட்டணத்திலும் வீட்டு வாடகையிலும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துவது என்று ஏற்பாடு. சான் ரஃபேல் ஆஸ்பத்திரி அப்படி வந்தது. மெக்சிகோ வெள்ளிக்கு வழி செய்த சுரங்கம் என்று பெருமை பேசலாம், ஆனால் அதன் நோயாளிகளுக்குக் காளைதான் சம்பாதித்துப் போட வேண்டியிருந்தது! சுரங்க மருத்துவராக இருந்த ஹொசே பரேஸ் இ ஃபிராங்கேஸ் 1778-இல் இங்கே கண்ட நோய்களைப் பற்றி விரிவான நூலே எழுதினார். கைதிகளை அனுப்புவது 1800 வாக்கில்தான் நின்றது.

19-ஆம் நூற்றாண்டில் கதை மறுபடி கடனுக்குத் திரும்பியது. 1835-இல் ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பம் அல்மதேன் பாதரசத்தை விற்கும் உரிமையைப் பிடித்தது. ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய சுரங்கமான இத்ரியாவின் விற்பனையும் அவர்கள் கையில் இருந்தது. அது இன்று ஸ்லொவேனியா நாட்டில் இருக்கிறது. உலக விலையை அவர்களே வைத்தார்கள். 1840-களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஒரு சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கிய பிறகுதான் பிடி தளர்ந்தது. அதற்கு வைத்த பெயரும் 'புதிய அல்மதேன்'. 1870-இல் ஸ்பெயின் அரசு அதே ராத்ஸ்சைல்டிடம் கடன் வாங்கி, 30 ஆண்டுக்குச் சுரங்கத்தின் சரக்கையே ஈடு வைத்தது. ஃபுக்கருக்கு வைத்த அதே நகை, வேறு அடகுக் கடை.

அதற்குள் பாதரசத்துக்குப் புதிய வேலைகள் வந்துவிட்டன. கிணறு வெட்டும்போது பாறைக்கு வெடி வைப்பவர்களுக்குக் கேப்பு தெரியும். ஆரம்பகால கேப்புகளில் இருந்தது பாதரச ஃபல்மினேட். தோட்டாக்களிலும் அதுதான். அதனால் போர் வந்தால் அல்மதேனுக்கு நல்ல காலம். 1941-இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது, 80 ஆயிரம் இரும்புக் குடுவைக்கு மேல். ஒரு குடுவையில் 34.5 கிலோ. கனம் அவ்வளவு என்றாலும் அளவில் இரண்டரை லிட்டர்தான்.

1956-இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஒரு நோய் பதிவானது. தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீனைச் சாப்பிட்டவர்களின் நரம்புகளைத் தின்றது. அதன் பிறகு உலகம் மெல்ல விழித்தது. பெயிண்ட், பேட்டரி, காஸ்டிக் சோடா ஆலை என்று ஒவ்வொன்றாகப் பாதரசத்தைக் கைவிட்டன. அல்மதேனில் கடைசிக் காலத்தில் தொழிலாளிக்கு மாதத்தில் ஏறத்தாழ எட்டு நாள்தான் உள்ளே வேலை, உடம்பு தேறட்டும் என்று. 2000-களின் தொடக்கத்தில் முதலில் தோண்டுவதும் பிறகு உலையும் நின்றன. இரண்டாயிரம் ஆண்டில் எடுத்தது மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் டன். 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதரச ஏற்றுமதியையே தடை செய்தது. 2012-இல் அல்மதேனையும் இத்ரியாவையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மினமாட்டாவின் பெயராலேயே 2013-இல் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2017-இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-இல் சேர்ந்தது.

சுரங்கம் இல்லாத நாட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாதரசமும் கண்ணாடியும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தன, செய்த தெர்மாமீட்டர்கள் திரும்ப ஏற்றுமதியாயின. இங்கே மிஞ்சியது உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும். 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடை ஒன்றில் அந்தக் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதும் ஆலையை மூடினார்கள். 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திரும்பப் போனது. சரக்கு திரும்பிப் போக இரண்டு ஆண்டு ஆயிற்று. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல், ஆலை மூடி 15 ஆண்டு கழித்து.

அல்மதேன் சுரங்கத்தை 2008-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் முதல் தளம் வரை அழைத்துப் போகிறார்கள். கைதிகள் நடந்த பாதையையும் காட்டுகிறார்கள். சிறை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் சுரங்கப் பொறியியல் கல்லூரி நிற்கிறது. மாடியில் வகுப்பு நடக்கிறது, கீழே சிறையின் அறைகள் சில அப்படியே இருக்கின்றன.